யாருடைய பால்யம்?

பிலிப்பைன்ஸ் சிற்பி மைக்கேல் காக்னியோவின் பித்தளை உருவங்களைப் பார்த்ததும் முதலில் புன்னகைதான் வருகிறது. பட்டம் விடும் சிறுவர்கள், பலூன்காரர், தாஹோ விற்பவர். தாஹோ என்பது மிருதுவான சோயாக் கட்டியின் மேல் சர்க்கரைப் பாகும் ஜவ்வரிசியும் சேர்த்துத் தரும் தின்பண்டம். காவடிபோலத் தோளில் கம்பைத் தாங்கி, இரு முனைகளிலும் வாளிகள் தொங்க, பெயரை நீட்டிக் கூவிக்கொண்டு காலையில் தெருவில் வருவார்கள். வளர்ந்த பிறகும் காதில் தங்கிவிடுகிற குரல் அது.

காக்னியோவின் பலூன்கள் உலோகம் என்பதே மறந்துவிடுகிறது. பலூன்காரரும் கூடவே எழும்பிப் பறந்துவிடுவார் போலிருக்கிறது. அந்த லாவகம் எனக்குப் பிடிக்கிறது. என் மனக்குறையும் அங்கேயே தொடங்குகிறது. பாரம் மறையும்போது உழைப்பும் மறைகிறது.

இந்த ஏக்கம், வாசலில் நின்று வாங்கித் தின்ற குழந்தையுடையது. விற்றவர் அதில் இனிப்பைக் கொண்டுவந்த கை மட்டுமே. அவருடைய பால்யமோ அவர் பிள்ளைகளின் பால்யமோ அதற்குள் வருவதில்லை. மணிலாவின் தேவாலய வாசல்களில் சம்பகீதா மாலை விற்கும் சிறுமிகள் உண்டு. சம்பகீதா நம் மல்லிகைதான். 1934 முதல் அந்நாட்டின் தேசிய மலர். அந்தச் சிறுமி குழந்தை, வியாபாரி இரண்டும்தான். வாங்கும் குழந்தையை ஒருபுறமும் விற்கும் பெரியவரை மறுபுறமும் நிறுத்திப் பழகிய நினைவில் அவளுக்கு இடமில்லை.

வேறு விதமாகவும் பார்க்க முடியும். ஓவியர் அனிதா மக்சாய்சாய்-ஹோ 1955-இல் 'சந்தையில்' என்ற ஓவியத்தை வரைந்தார். தலையில் துணி கட்டிய அவருடைய உழைக்கும் பெண்கள் யாருடைய பால்யத்தையும் அலங்கரிக்க வந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

2019 ஜூலையில் மணிலாவின் டிவிசோரியாவில் தெருக்கடைகள் அகற்றப்பட்டன. அதே மாதம், 60 நாட்களுக்குள் சாலை ஆக்கிரமிப்புகளை நீக்கும்படி நாடெங்கும் மேயர்களுக்கு உத்தரவு போனது. நடக்க வழி வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் விற்பவரைத் தெருவிலிருந்து விரட்டிவிட்டு, அவர் உருவத்தை வரவேற்பறையில் வைத்து நெகிழும் அன்பை நான் நம்பத் தயாரில்லை. காக்னியோவின் தாஹோக்காரரைப் பார்த்துப் புன்னகைப்போம். பிறகு, அந்தக் கம்பு அழுத்தும் தோளையும், படத்துக்கு வெளியே மாலையோடு நிற்கும் சிறுமியையும் பார்ப்போம்.