ஆக்கியோன் பெயர் மட்டும் போதுமா?

ஒரு நூலைத் தந்தவர் யார் என்று வினவினால் ஒரு பெயரைக் கூறி அமைந்துவிடுவது நம்மிடையே வழக்கம். பாயிர இலக்கணமும் ஆக்கியோன் பெயரைத்தான் முதற்கண் கேட்கிறது. காப்பியத்திற்கு இது ஓரளவு பொருந்தும். நாடகத்திற்குப் பொருந்துமா?

தூத்துக்குடி வட்டாரத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய நாடகங்கள் ஸ்பெஷல் நாடக மேடையில் நடைபெறும்போது பாடல்கள் அவருடையனவாக இருக்கும். உரையாடலின் பெரும்பகுதியை நடிகர்கள் அவ்வப்போது மேடையிலேயே தொடுப்பர். அதனை ஒருவர் ஏட்டில் எழுதி, மற்றொருவர் அச்சேற்றி, 'ஆசிரியர்: சங்கரதாஸ் சுவாமிகள்' என்று மட்டும் குறித்தால், நடிகரின் சொல் புலவரின் சொல்லாகிவிடுகிறது. நடிகருக்கும் அநீதி, புலவருக்கும் அநீதி.

சீதக்காதி நொண்டி நாடகத்தில் சிக்கல் வேறு வகையானது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அதன் பாட்டுடைத் தலைவர். காலிழந்த கள்வன் தன் வரலாற்றைத் தானே எடுத்துரைப்பது நொண்டி நாடக மரபு. பேசுபவன் நொண்டி, பாடியவர் புலவர், போற்றப்படுபவர் வள்ளல். இம்மூவரையும் வாசகர் எளிதில் பிரித்தறிவார். கணிப்பொறியோ நாம் குறித்துக் கொடுத்தாலன்றி அறியாது.

இங்ஙனம் நூலைப் பற்றிக் குறித்துக் கொடுக்கும் செய்திகளையே இன்று மீத்தரவு என்கின்றனர். 1995இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் உருவான டப்ளின் கோர் என்னும் முறை 'படைத்தவர்', 'பங்களித்தவர்' என்று பொதுப்படக் குறிக்கிறது. 1987இல் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் வகுத்த முறையோ, 'யார்' என்பதோடு 'எப்பணி' என்பதையும் இணைத்தே கேட்கிறது. நாடகத்தில் ஒவ்வொரு கூற்றும் எப்பாத்திரத்தினுடையது என்பதையும் தனியே குறிக்க இடமளிக்கிறது. நாடகத்திற்கு ஏற்றது இதுவே என்பது நம் கருத்து.

தமிழில் இந்த நேர்மைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களின் முகப்பில் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் முதலியோரைப் பெயர் சுட்டி நன்றி கூறுகிறது. பாராட்டத்தக்க பண்பு அது. எனினும் அவை மனிதர் படிக்கும் வாக்கியங்கள். கணிப்பொறி பணிவாரியாகப் பிரித்துத் தேடுவதற்கு நன்றியுரை போதாது. ஒவ்வொரு பணிக்கும் உரிய குறியீடு வேண்டும்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இக்கோரிக்கை புதிதன்று. இஸ்னாதில் அறிவிப்பாளரின் பெயர் மட்டும் போதாது. அவர் எவ்வாறு பெற்றார் என்பதும் வேண்டும். 'ஹத்தஸனா' என்றால் ஆசிரியர் கூறக் கேட்டது தெளிவு. 'அன்' என்றாலோ கேட்டாரா, இடையில் ஒருவர் விடுபட்டாரா என்ற ஐயம் எழும். அறிஞர்கள் அதனை ஆராய்ந்த பின்னரே ஏற்பர். பணி சுட்டாத 'பங்களித்தவர்' என்ற சொல்லும் அந்த 'அன்' போன்றதே. 1245இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ், கல்வியைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் இறுதியானது 'விஜாதா': ஒருவர் எழுதி வைத்ததைக் கண்டெடுத்தல். கண்டெடுத்தவர் 'கேட்டேன்' என்று சொல்லலாகாது. 'இன்னார் கையெழுத்தில் கண்டேன்' என்றே சொல்லவேண்டும்.

சாகுபுரத்தை அடுத்த காயல்பட்டினம் முதலாகக் கடற்கரை ஊர்களின் இல்லங்களில் பழைய கையெழுத்து ஏடுகளும் அரபுத் தமிழ்ச் சுவடிகளும் பேணப்பட்டு வருகின்றன. அவற்றை மின்வடிவாக்க முனைவோர் புலவர், படியெடுத்தவர், பொருளுதவியவர், அரபெழுத்திலிருந்து தமிழெழுத்துக்கு மாற்றியவர், தட்டெழுதியவர் என ஒவ்வொருவரையும் அவரவர் பணியோடு பதிய வேண்டும். படியெடுத்த பாட்டனாரைப் புலவராக்கிப் பெருமை கொள்வதும் பிழை. புலவரல்லர் என்பதற்காக அவர் பெயரை விட்டுவிடுவதும் பிழை. 'முஸன்னிப்' என்றும் 'நாஸிக்' என்றும் இயற்றியவரையும் படியெடுத்தவரையும் வேறு பிரித்து மதித்த மரபு நம்முடையது. அந்தப் பகுப்பைக் கணிப்பொறிக்கும் கற்பிப்போமாக. ஏட்டை ஒளிப்படம் எடுப்போர் நம் இல்லம் தேடி வரும் நாளில், ஏட்டோடு இப்பெயர்ப் பட்டியலையும் எழுதிக் கொடுப்பது நம் கடமை.