மணியும் பவழமும்

மணிப்பிரவாளம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மில் அநேகர். 1916-ஐ ஒட்டி மறைமலையடிகள் தொடங்கி வைத்த தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு அந்தச் சொல் ஏறக்குறைய வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. தமிழைக் கெடுத்த நடை என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டாமா?

11ஆம் நூற்றாண்டு வீரசோழியமே இந்தக் கலப்பைப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. வடவெழுத்து இடையிடையே வந்தால் விரவியல். வடசொல்லே வந்து கலந்தால் மணிப்பிரவாளம். ஆனால் ஒரே நடையை இருவர் கையாண்டால் இரண்டு விதமாகத்தான் விளையும்.

திருவாய்மொழியின் இரண்டு உரைகளைப் பார்ப்போம். முதலில் எழுந்தது திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி. வடமொழித் தொகைகள் நீளநீளமாகப் போகும். கடைசியில் ஒரு தமிழ் வினை வந்து வாக்கியத்தை முடித்து வைக்கும். தமிழ் மறையும் வடமொழி வேதாந்தமும் ஒன்றே என்று நாட்ட வந்தவர் அவர். புலமை தெரிகிறது, குரல் கேட்கவில்லை.

நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்த ஈடு வேறு ரகம். 32 எழுத்து ஒரு படி என்ற கணக்கில் 36,000 படி. வடசொல் அதிலும் ஏராளம். ஆனால் கேள்வி, பதில், குட்டிக் கதை, ‘அல்லவா’ என்ற பொருளில் அடிக்கடி வரும் ‘இறே’ எல்லாமே எதிரில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுகிற பேச்சு. ‘அநுபவிக்கை’ என்ற சொல்லில் வேர் வடமொழி, விகுதி தமிழ். வந்த சொல் நம் வீட்டு வழக்கத்துக்கு அடங்கி நடக்கிறது.

கதாசிரியனுக்கு இது பழங்கதையல்ல. என் குமாஸ்தா ‘லீவு போட்டுட்டு வரேன்’ என்கிறான். ‘விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன்’ என்று திருத்தினால் சொல் சுத்தமாகும், ஆள் செத்துப்போவான். அதற்காக ஆசிரியன் தன் வர்ணனையிலும் இங்கிலீஷை வாரி இறைத்தால் அதற்கு மன்னிப்பில்லை. பிள்ளானுக்காவது ஒரு சித்தாந்தம் இருந்தது.

கலப்பு நடையை எடைபோட என்னிடம் இருப்பது ஒரே படிக்கல்: பேசுகிறவன் காதில் விழுகிறானா? 700 வருஷத்துக்குப் பிறகும் ஈட்டில் நம்பிள்ளை விழுகிறார்.