கூண்டும் படிமமும்

கூண்டில் அடைபட்ட விலங்கைப் பற்றிய கவிதைகளில் பெரும்பாலும் விலங்கு இருப்பதில்லை. கவிஞன்தான் இருக்கிறான். கம்பிகளுக்குப் பின்னால் தன்னை நிறுத்திக்கொண்டு தனக்காகவே இரக்கப்படுகிறான். இதை வெறும் ரசனைக் குறைவு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

விலக்கு ரில்கே. அவருடைய 'சிறுத்தை' 1907இல் வந்த 'புதிய கவிதைகள்' தொகுதியில் இருக்கிறது. பாரிஸ் தாவரத் தோட்டத்து மிருகக்காட்சி சாலையில் கண்ட விலங்கு. தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கம்பிகளையே பார்த்துப் பார்த்து எதையும் வாங்கிக்கொள்ள மாட்டாமல் போன கண், மிகச் சிறிய வட்டத்தில் சுற்றும் நடை, மரத்துப்போன சங்கல்பம். இவ்வளவுதான் கவிதை.

டெட் ஹ்யூஸின் 'ஜாகுவார்' (1957) இதற்கு நேர்மாறு. மற்ற மிருகங்கள் சோம்பிக் கிடக்க, ஜாகுவார் மட்டும் ஆவேசத்தோடு உலவுகிறது. அதற்குக் கூண்டு என்பதே இல்லை என்கிறார் ஹ்யூஸ். கல்லூரியில் இதைப் படித்துக் கிறங்கியவன் நான். இத்தனைக்கும் ஹ்யூஸ் லண்டன் மிருகக்காட்சி சாலைச் சமையலறையில் சில காலம் பாத்திரம் கழுவியவர். விலங்குகளை அறியாதவர் அல்ல. ஆனாலும் அந்த வெற்றியை இன்று என்னால் நம்ப முடியவில்லை.

காரணம் கவிதைக்கு வெளியே இருக்கிறது. 2003இல் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இயற்கையில் எந்த ஊனுண்ணி மிகப் பரந்த நிலத்தில் திரிகிறதோ, அதுவே அடைபட்டால் அதிகமாக ஓயாமல் உலவுகிறது. அதன் குட்டிகளே அதிகமாகச் சாகின்றன. பனிக்கரடிக்கு வழக்கமாகக் கிடைக்கும் கூண்டு, இயற்கையில் அது திரியும் குறைந்தபட்சப் பரப்பில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆக, ஹ்யூஸ் தரிசனமாகக் கண்ட நடை ஒரு வேதனையின் அறிகுறியாக இருக்கலாம். அறிகுறியின் பெயர் தெரியாமலே ரில்கே அதை எழுதிவிட்டார். ஹ்யூஸும் 1967இல் ஜாகுவாரை 'இரண்டாம் முறை' பார்த்து எழுதினார். அதில் இடுப்பு கழன்றாற்போல் நடக்கும், தேய்ந்த ஓர் உடம்பு இருக்கிறது. முதல் கவிதைக்கு அதைவிட நல்ல விமர்சனம் கிடையாது.

தப்பாக வாசிப்பதற்கு விலை உண்டு. 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்டது திலிகும் என்ற ஆர்கா. தொட்டியில் அது துள்ளியதைக் கூட்டம் உற்சாகம் என்று வாசித்துக் கைதட்டியது. மூன்று மனிதச் சாவுகளில் அதற்குப் பங்குண்டு. கடைசிச் சாவு 2010இல், ஆர்லாண்டோவில். இறந்தவர் அதோடு நெருங்கிப் பழகிய பயிற்சியாளர். விளையாட்டு என்றார்கள் சிலர், வெறி என்றார்கள் சிலர். அப்போதும் நம் வார்த்தைகளைத்தான் அதன்மேல் போர்த்தினோம். 2017இல் அடைபட்ட நிலையிலேயே அது செத்தது.

படிமமே கூடாதா என்று நண்பர்கள் கேட்கலாம். கூடும். ஆனால் முதலில் விலங்கைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் அது படிமமாகச் சம்மதிக்கிறதா என்று பார்க்கலாம்.

நான் வங்கியில் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன். என்னைக் கூண்டுப் புலியாக்கி நானும் ஒரு கவிதை எழுதினேன். சாயங்காலம் கணக்கு நேரானதும் பெட்டியைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன். புலிக்கு அந்தச் சாயங்காலம் இல்லை. கவிதையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.