கழகமும் கௌரவமும்: அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சங்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

மாணவர் கழகம் என்பது மாணவன் தானே விரும்பிச் சேருவது. கௌரவச் சங்கம் என்பது பிறர் அவனைத் தெரிந்து சேர்த்துக்கொள்வது. ஒரே பள்ளியின் ஒரே அறிவித்தற் பலகையில் இவ்விரண்டின் பெயர்களும் அருகருகே காணப்படினும் இவற்றின் இயல்பு வேறு, பயனும் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமையால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகள் ஒரு நூற்றாண்டாகப் பல இடர்ப்பாடுகளுக்கு ஆளாகி வந்துள்ளன என்பதே இக்கட்டுரையிற் காட்டப் புகுவது. அமெரிக்காவை எடுத்துக்கொண்டது ஏன் எனின், கழகங்கள் உலகின் எப்பாகத்துப் பள்ளியிலும் உள்ளன. விவாதக் கழகமும் இலக்கிய மன்றமும் நமக்கும் புதியன அல்ல. ஆயின், மாணவனுடைய கல்வியோடு அவனுடைய ஒழுக்கத்தையும் ஒரு குழு அளந்து, அவ்வளவிற் தேறியவர்க்குப் பதக்கம் அணிவிக்கும் நாடளாவிய அமைப்பு அந்நாட்டிலேயே தோன்றி வேரூன்றிற்று.

அவ்வமைப்பின் மூலத்தை நாடிச் செல்வோமாயின் கல்லூரி ஒன்றையே சென்றடைவோம். 1776ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆந் திகதி வேர்ஜினியாவிலுள்ள வில்லியம் அன்ட் மேரி கல்லூரி மாணவர் ஐவர் கூடிப் பை பீற்றா கப்பா என்னும் சங்கத்தை நிறுவினர். அவர்கள் இரகசியமாகக் கூடினர், கட்டுரை படித்தனர், பொருள் ஒன்றை எடுத்து இருபக்கமும் நின்று வழக்காடினர். ஆபிரிக்க மக்களை அடிமைகொள்ளுதல் நீதியாகுமா என்பதும் அவர்கள் வாதித்த பொருள்களுள் ஒன்று. அடிமைகளின் உழைப்பில் நின்ற ஒரு சமூகத்தின் பிள்ளைகள் இவ்வினாவைத் தம்முள் எழுப்பினர் என்பது கருதத்தக்கது. அக்காலத்தில் அது கழகமே. பின்னர்க் கிளைகள் பெருகின. 1831இல் ஹாவாட் கிளை இரகசியத்தைக் கைவிட்டது. காலப்போக்கில் வாதம் ஓய்ந்து, பரீட்சையில் உயர்ந்து நின்றாரைத் தெரிந்து பொற்சாவி வழங்கும் அமைப்பாக அது மாறிற்று. 1875இல் வேர்மொண்ட் கிளை முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டமை அதன் வரலாற்றில் ஒரு நற்செயல். எனினும், உறுப்பினன் செய்வதற்குரிய வேலை குறைந்து, உறுப்பினன் என்று சொல்லிக்கொள்வதன் பெருமை மிகுந்தது. கழகம் ஒன்று கௌரவமாக உறைந்துபோன வரலாறு இதுவென்க.

உயர்நிலைப் பள்ளிகளில் நிகழ்ந்தது இதனினும் சிக்கலானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கல்லூரி மாணவரைப் பார்த்துப் பள்ளி மாணவரும் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடிய இரகசியச் சகோதரத்துவங்களை அமைக்கத் தலைப்பட்டனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தம்முள் தெரிந்தெடுத்துக் கூடிய கூட்டங்கள் அவை. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அவை பெருந்தலையிடியாயின. கலிபோணியா 1909இல் சட்டமியற்றி அவற்றைத் தடுத்தது. வேறு பல மாநிலங்களும் அவ்வாறே செய்தன. தடுத்தால் மட்டும் போதாது, அவ்விடத்தில் வேறொன்றை வைத்தல் வேண்டும் என்று கல்வியாளர் எண்ணினர். 1918இல் வெளிவந்த இடைநிலைக் கல்வியின் தலையாய கோட்பாடுகள் என்னும் அறிக்கை, கல்வியின் நோக்கங்கள் ஏழனுள் குடிமைப் பண்பு, ஓய்வுநேரப் பயன், நல்லொழுக்கம் என்பவற்றையும் எண்ணியது. கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த எல்பேட் பிறெற்வெல் 1931இல் பாடப்புறச் செயல்கள் பற்றி விரிவானதொரு நூலை எழுதினார். பாடத்திலிருந்து முளைத்துப் பாடத்துக்கே திரும்பிச் சென்று அதனை வளப்படுத்துவதே நல்ல கழகம் என்பது அவர் கொள்கை.

இந்தச் சூழலிலேதான் 1921ஆம் ஆண்டு தேசிய கௌரவச் சங்கம் பிறந்தது. இடைநிலைப் பள்ளி அதிபர்களின் தேசிய சங்கம் அதனைத் தோற்றுவித்தது. பிற்ஸ்பேர்க் நகரத்து ஐந்தாம் அவெனியு உயர்நிலைப் பள்ளியின் அதிபர் எட்வேட் றைனியர்சன் அதற்கு முன்னின்றவர். முதற்கிளையும் அப்பள்ளியிலேயே அமைந்தது. புலமை, தலைமை, சேவை, ஒழுக்கம் என நான்கு தூண்கள் அதற்கு வகுக்கப்பட்டன. 1929இல் இளையோர்க்கும் ஒரு சங்கம் அமைந்தது. விளையாட்டு வீரனுக்குக் கேடயமும் கைதட்டலும் கிடைக்கும் பள்ளியில் படிப்பாளிக்கும் ஒரு மதிப்பு வேண்டும் என்ற நோக்கம் நன்றே. அந்நோக்கத்தை யாம் குறைகூறவில்லை. குறை நான்காவது தூணில் இருக்கின்றது.

புலமையை அளத்தல் எளிது. நான்கில் மூன்று என்ற புள்ளிச் சராசரி குறைந்த எல்லை; விரும்பிய பள்ளி அதனை உயர்த்தலாம். எல்லையைத் தாண்டினானா இல்லையா என்பதை மாணவனே கணக்கிட்டு அறிவான். ஒழுக்கத்தை அளப்பவர் யார்? பள்ளி அதிபர் நியமிக்கும் ஆசிரியர் ஐவர் கொண்ட குழு. அதிபர் அதில் வாக்களிப்பதில்லை. குழு மறைவிற் கூடிப் பெரும்பான்மை வாக்கினால் முடிவுசெய்யும். முடிவினால் மனம் நொந்தவன் தன் பள்ளி அதிபரிடமே முறையிடலாம். தேசிய அலுவலகம் அதில் தலையிடாது. மாணவரின் இரகசியச் சங்கங்களைச் சட்டமியற்றி ஒழித்த நாடு, இரகசியத் தெரிவை ஆசிரியர் அறையினுள் மீண்டும் குடியேற்றியது. இதனைவிட விசித்திரம் வேறு யாது? (நம் புலவர் மரபில் நூலொன்று மதிப்புப் பெற வேண்டுமாயின் அவையில் அரங்கேறும், தடை எழுப்புவோன் எழுந்து நின்றே எழுப்புவான், விடையும் அவையறியவே கூறப்படும். தோற்றாலும் ஏன் தோற்றான் என்பதைப் புலவன் அறிவான்.)

இவ்விரகசியத்தின் விளைவு நீதிமன்ற ஏடுகளிற் பதிவாகியுள்ளது. பென்சில்வேனியா மாநிலத்தில் மேரியன் சென்ரர் என்னும் ஊரின் பள்ளியில் 1981இல் ஒரு மாணவி கௌரவச் சங்கத்திற் சேர்க்கப்பட்டாள். 1983இல் அவள் மணமாகாமலே கருவுற்றாள். ஆசிரியர் குழு கூடி, அவளுடைய நடத்தை தலைமைக்கும் ஒழுக்கத்துக்கும் ஒவ்வாதது எனக் கூறி அவளை நீக்கியது. பெண் என்பதற்காகத் தாம் அவளை நீக்கவில்லை, மணத்துக்கு முந்திய உறவுக்காகவே நீக்கினோம் என்பது குழுவின் வாதம். கல்வியிற் பால்வேற்றுமை காட்டலாகாது என 1972ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1990இல் நீதிபதிகள் குழுவின் வாதத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டனர். ஆயினும் ஒரு வினாவை மீளவும் விசாரிக்கும்படி வழக்கைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பினர். அதே சங்கத்தில் உறுப்பினனாயிருந்த ஓர் இளைஞனும் மணமாகு முன் தந்தையாயினான் என்றும், அவன் நீக்கப்படவில்லை என்றும் சாட்சி சொல்லவிருந்ததை முன்னர் ஏற்க மறுத்தது ஏன் என்பதே அவ்வினா.

அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர் தீயவர் என்று நாம் எண்ணவேண்டியதில்லை. அவர்கள் தம் ஊரின் ஒழுக்கக் கொள்கையை உண்மையாகவே பேணியிருக்கலாம். ஆயின், வெளியே தெரிவதே தவறு, தெரியாதது தவறன்று என்ற நிலைக்கு மறைவான அளவுகோல் இயல்பாகவே இழுத்துச் செல்லும். கருவுற்ற பெண்ணின் உடல் சாட்சி சொல்கின்றது. ஆணின் உடல் சொல்வதில்லை. எட்டு ஆண்டுகளின் பின் இதே பிணக்கு கென்ரக்கி மாநிலத்தில் எழுந்தது. புள்ளியெல்லையைத் தாண்டிய இரு மாணவியர், ஒருத்தி கருவுற்றிருந்தமையாலும் மற்றவள் தாயாகியிருந்தமையாலும், சங்கத்தில் அனுமதிக்கப்படவில்லை. இம்முறை சமஷ்டி நீதிபதி 1998 டிசெம்பரில் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்து அவர்களைச் சேர்க்கும்படி பணித்தார். இரு வழக்கிலும் முடிவு வேறு, நோய் ஒன்றே. சேர்த்தலுக்கும் விலக்கலுக்கும் உரிய காரணத்தை எழுத்தில் அறிய ஒரு மாணவி நீதிமன்றம்வரை செல்லவேண்டியிருந்தது.

சேவை என்ற மூன்றாவது தூணும் இப்போது ஆட்டங்கண்டுள்ளது. பல கிளைகள் ஆண்டுக்கு இத்தனை மணித்தியாலம் தொண்டு செய்தல் வேண்டும் என்று விதித்துள்ளன. மணித்தியாலம் கையொப்பத்தோடு பதிவாகும். பல்கலைக்கழக விண்ணப்பமும் இதற்குத் துணைபோகின்றது; அந்நாட்டிற் பெருவழக்கிலுள்ள பொது விண்ணப்பத்தில் செயல்களைக் குறிக்கப் பத்து இடங்கள் உண்டு. பத்துக் கட்டம் கண்ணெதிரே இருந்தால் பத்தையும் நிரப்ப எந்த இளைஞன்தான் முயலான்? ஹாவாட் கல்விப் பள்ளியைச் சார்ந்த ஒரு குழு 2016இல் வெளியிட்ட அறிக்கை, செயல்களின் நீண்ட பட்டியலை விடுத்து ஒன்றிரண்டின் ஆழத்தைக் கருதுமாறு பல்கலைக்கழகங்களை வேண்டியது. முதியோர் இல்லத்தில் புத்தகம் வாசித்துக் காட்டச் செல்லும் பிள்ளை கடிகாரத்தைப் பார்க்குமாயின், கேட்டிருக்கும் முதியவர்க்கு அது தெரியாமற் போகாது.

இனிக் கழகத்துக்கு வருவோம். 1928இல் கன்சாஸ் நகரத்தில் பதினெட்டு மாநிலங்களிலிருந்து வந்த முப்பத்துமூன்று மாணவர் கூடித் தொடங்கிய அமெரிக்க வருங்கால விவசாயிகள் சங்கம், பிறெற்வெல் சொன்ன இலக்கணத்துக்குப் பொருந்திய இலக்கியம். வேளாண்மைப் பாடத்திலிருந்து அது முளைத்தது. மாணவன் ஒரு கன்றை வளர்ப்பான், அல்லது ஒரு துண்டு நிலத்தில் சோளம் விதைப்பான். தீவனச் செலவு, விற்பனை வரவு, உழைத்த நேரம் யாவற்றையும் கணக்கேட்டில் எழுதுவான். அச்சங்கத்திலும் படிப்படியாகப் பட்டங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் வேண்டிய தகுதி முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். எட்டியவனுக்கு அது கிடைக்கும். கன்று கொழுத்ததா மெலிந்ததா என்பதற்கு ஐவர் குழு வேண்டியதில்லை. இச்சங்கமும் குற்றமற்றதன்று. 1969 வரை பெண்கள் அதன் தேசிய உறுப்பினராக இயலவில்லை. கறுப்பின மாணவர்க்கென 1935இல் தனியே அமைந்த அமெரிக்கப் புதிய விவசாயிகள் சங்கம் 1965இல் இதனோடு இணைக்கப்பட்டபோது, சிறிய சங்கத்தின் பெயரும் சின்னமும் மறைந்தன. பெரியதன் பெயரே நிலைத்தது. எனினும் இக்குறைகள் விதியில் வெளிப்படையாக இருந்தமையால் எதிர்க்கவும் திருத்தவும் இடமிருந்தது என்பதைக் கவனிக்க.

கழகம் அமைக்கும் உரிமைதான் எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதை வேறிரு நிகழ்ச்சிகள் காட்டும். நெபிராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரில் வெஸ்ற்சைட் உயர்நிலைப் பள்ளியில் முப்பது அளவிலான கழகங்கள் இருந்தன. சதுரங்கக் கழகமும், நீருள் மூழ்குவோர் கழகமும், ஊனமுற்ற சகபாடிகளுக்கு உதவும் கழகமும் அவற்றுட் சில. 1985இல் கிறிஸ்தவ மாணவர் சிலர் தமக்கும் ஒரு கழகம் கேட்டனர், பள்ளி மறுத்தது. பாடத்தோடு தொடர்பில்லாத கழகம் ஒன்றுக்கு இடமளித்த பள்ளி, கொள்கை காரணமாக மற்றொன்றை விலக்கலாகாது என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. எங்கள் கழகங்கள் யாவும் பாடத்தோடு தொடர்புடையனவே என்று பள்ளி வாதித்தது. நீருள் மூழ்குதல் எந்தப் பாடம் என்று நீதிபதிகள் கேட்கவேண்டியதாயிற்று. 1990இல் உயர்நீதிமன்றம், எண்மர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, மாணவர் பக்கம் தீர்த்தது. மதச்சார்புடையோர் வேண்டிப் பெற்ற இதே சட்டத்தின் பயனை, 1995 அளவில் சோல்ற் லேக் நகரில் தன்பாலீர்ப்புடைய மாணவரும் அவர்தம் நண்பரும் நாடினர். கல்விச் சபையார் அவர்களை விலக்க வழி காணாது, 1996 பெப்புருவரியில் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளிற் பாடத்துக்குப் புறம்பான கழகங்கள் அனைத்தையும் மூடினர். ஒரு கழகத்தை விரும்பாமைக்காக எல்லாப் பிள்ளைகளின் கழகங்களும் மூடப்பட்டன. 2000இல் அத்தடை நீங்கிற்று. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அந்நகரப் பள்ளிகளிற் படித்து வெளியேறிய மாணவர்க்கு அக்காலம் திரும்பக் கிடைக்காது.

கௌரவச் சங்கத்துக்குச் சார்பாகச் சொல்லத்தக்கதையும் சொல்லுதல் முறை. ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியலாளர் இலினோய் மாநிலத்துப் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட நூலில், சிறந்த மாணவன் என்பதிலும் சிறந்த விளையாட்டு வீரன் என்று நினைக்கப்படுவதையே இளைஞர் பெரிதும் விரும்பினர் என்று காட்டினார். அத்தகைய பள்ளியில் படிப்பாளியின் தோளில் ஒரு பட்டுத் துண்டு விழுவதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளுதல் இரக்கமற்ற செயல். வறிய வீட்டுப் பிள்ளைக்கு அது முதன்முதற் கிடைக்கும் புகழாகவும் இருக்கலாம்.

ஆகவே அச்சங்கத்தை ஒழிக்கவேண்டும் என்று யாம் சொல்லோம். புலமைக்குரிய மதிப்பை அது வழங்கட்டும். எல்லையைத் தாண்டியவர் பெயரெல்லாம் பலகையில் இடப்படட்டும். சேவையைக் கழகங்களிடம் விட்டுவிடலாம். அங்கே அதற்குப் புள்ளி வேண்டாம். ஒழுக்கத்தை அளக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்யும் பள்ளிகள், எவ்வொழுக்கம் குற்றம் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே அச்சிட்டு இருபாலார் கையிலும் கொடுக்கட்டும். விலக்கப்பட்ட மாணவனுக்கோ மாணவிக்கோ காரணத்தை ஐவரும் கையொப்பமிட்டு எழுத்தில் வழங்கட்டும். மேரியன் சென்ரர் ஆசிரியர்கள் 1983இல் அப்படியொரு தாளை எழுத உட்கார்ந்திருப்பின், அந்த இளைஞனைப் பற்றிய வினா ஏழு ஆண்டுகளின் பின் நீதிபதிகளிடமிருந்து வராமல் அவர்களுடைய மேசையிலேயே எழுந்திருக்கும்.