சஞ்சய் சுப்ரமணியமும் பழவேற்காடும்: மேற்கோளில் நின்றதும் விடுபட்டதும்

எண்ணூர்க் கழிமுகத்திற்கு வடக்கே, உப்பங்கழிகளும் மணல்திட்டுகளுமாக நீளும் நிலப்பரப்பின் முடிவில் பழவேற்காடு அமைந்துள்ளது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் இன்று பெருந்துறைமுகங்கள் இயங்குகின்றன. பதினாறாம் நூற்றாண்டிலோ மலாக்காவிற்குத் துணி கொண்டுசென்ற கப்பல்கள் பழவேற்காட்டை ஒட்டிய திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. வடசென்னைக் கடற்கரையின் இம்முன்வரலாற்றை உலக வரலாற்றாய்வின் பார்வைக்குக் கொண்டுசென்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சஞ்சய் சுப்ரமணியம். ஆயினும் அவர் பெயரைச் சுட்டும் ஆய்வுகள் பலவற்றில் இக்கடற்கரை இல்லை. இவ்விடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1961இல் பிறந்த சுப்ரமணியம், தில்லிப் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பொருளாதார வரலாறு கற்பித்தார். பின்னர் பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் பணியாற்றி, 2004இல் லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2013இல் கொலேஜ் த பிரான்ஸ் அவருக்கு ஆய்விருக்கை வழங்கியது. 2012இல் இன்ஃபோசிஸ் பரிசும் 2019இல் டான் டேவிட் பரிசும் பெற்றார். ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் மறுமலர்ச்சிக் காலம் என வழங்கும் காலப்பகுதியை அவர் பெரிதும் 'தொடக்க நவீன காலம்' என்றே குறிக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு முயற்சிகளுக்கு 'மறுமலர்ச்சி' என்ற பெயரைத் தயக்கமின்றி வழங்கும் தமிழாய்வு, இச்சொல் தேர்வைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1990இல் வெளிவந்த 'வணிகத்தின் அரசியல் பொருளாதாரம்: தென்னிந்தியா 1500–1650' என்னும் ஆங்கில நூலே அவரது ஆய்வின் அடித்தளம். பழவேற்காட்டின் ஏற்றமும் தளர்வும் இதில் தனி ஊரின் கதையாக அமையவில்லை. விசயநகர அரசின் வலிமை, மலாக்கா வணிகம், கோல்கொண்டாவை ஒட்டி எழுந்த மசூலிப்பட்டினத்தின் வளர்ச்சி ஆகியவற்றோடு அவை தொடர்புபடுத்தப்படுகின்றன. 1610இல் டச்சுக்காரர் இங்குக் காலூன்றியதும், மயிலாப்பூரின் சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியர் அவர்களைத் தாக்கியதும், 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்ததும் வேறொரு கட்டுரையில் விரிவாக ஆராயப்படுகின்றன. சி. ஏ. பெய்லியுடன் இணைந்து 1988இல் எழுதிய கட்டுரையோ வணிகம், வரிக்குத்தகை, படையரசியல் ஆகிய மூன்றிலும் ஒருங்கே முதலிட்டவர்களை ஒரு தனி வகையினராக இனங்காட்டியது. டச்சு ஆவணங்கள் 'மலையா' எனக் குறிக்கும் அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணச் செட்டியும் அவ்வகையினர். 'வணிகர் வேறு, அரசர் வேறு' என்னும் பழைய பிரிவினை இக்கடற்கரைச் சான்றுகளால் தளர்ந்தது. சுப்ரமணியத்தின் பங்களிப்புகளுள் உறுதியானது இதுவே எனலாம்.

எனினும் அவர் பெயரோடு உலகெங்கும் பயின்றது 1997இல் 'மாடர்ன் ஏசியன் ஸ்டடீஸ்' இதழில் வந்த 'பிணைந்த வரலாறுகள்' பற்றிய கட்டுரை. நாடுகளையும் வட்டாரங்களையும் தனித்தனி அலகுகளாக நிறுத்தி ஒப்பிடுவதை விடுத்து, அவற்றினூடே சென்ற மனிதர், கருத்து, நம்பிக்கை ஆகியவற்றின் தடத்தைப் பின்தொடர வேண்டும் என்பது அதன் வாதம். வாதம் வலுவானதே. ஆனால் தலைப்பே கலைச்சொல்லாகிவிட்டமையால், நூலைப் படியாமலே மேற்கோள் காட்ட அது இடந்தருகிறது. 'வணிகத்தின் அரசியல் பொருளாதார'த்தை அவ்வாறு சுட்டிவிட முடியாது. அதன் முடிவுகள் துறைமுகப் பெயர்களோடும் சரக்குகளோடும் கட்டுண்டவை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினத்தின் நிலையை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1650–1740 காலச் சோழமண்டலக் கடற்கரை வணிகம் பற்றி அவர் 1986இல் வெளியிட்ட நூல், சுப்ரமணியத்தின் நூல் முடியும் ஆண்டில் தொடங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலன்றி இக்கடற்கரையின் இரண்டரை நூற்றாண்டு வரலாறு முழுமையுறாது. அரசரத்தினம் துறை கடந்து பயணிக்கும் கலைச்சொல் எதையும் விட்டுச்செல்லவில்லை. அவரது நூல் அத்துறையினருக்குள்ளேயே பெரிதும் தங்கிவிட்டது. மேற்கோள் எண்ணிக்கையை ஆய்வின் தரத்திற்கு அளவுகோலாக்கும் இன்றைய பணிநியமன, பதவி உயர்வு நடைமுறைகளுக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை.

சுப்ரமணியத்தின் தொடக்கநிலை ஆய்வுகளிலும் ஒரு குறை உண்டு. பழவேற்காட்டைப் பற்றிப் பேசுவன பெரும்பாலும் போர்த்துக்கீசிய, டச்சு ஆவணங்களே. நெசவாளரும் படகோட்டியும் கும்பனியின் கடிதங்களில் தலைகாட்டும் அளவிற்கே நூலிலும் இடம்பெறுகின்றனர். வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன் ஆகியோருடன் எழுதிய நாயக்கர் கால நூலிலும் (1992), 2001இல் வந்த 'காலத்தின் இழைநயங்கள்' நூலிலும் தமிழ், தெலுங்கு இலக்கியங்கள் வரலாற்றுச் சான்றுகளாக முன்வந்தன. பின்னதில் தேசிங்குராசன் கதைகூட வரலாற்றுணர்வின் வெளிப்பாடாகப் படிக்கப்பட்டது. பனுவலின் நடையைக் கொண்டே அது வரலாறா அன்றா எனத் துணியலாம் என்ற அதன் கோட்பாட்டை ஷெல்டன் பொல்லாக் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்விவாதத்தில் தமிழ்ப் பனுவல்களை முன்வைத்து விடைகூறும் தகுதி தமிழ்த்துறைகளுக்கே மிகுதி.

பழவேற்காட்டில் இக்குறை இன்னும் நிரப்பப்படாமலே உள்ளது. இக்கடற்கரையின் செட்டிகள் தெலுங்கு பேசினர். சுற்றுப்புற ஊர்கள் தமிழ் பேசின. கணக்கு டச்சு மொழியில் எஞ்சியது. பெயர்களும் ஊர்களும் அக்கணக்குகளில் உருமாறிக் கிடக்கின்றன. அவற்றை வட்டாரக் கோயிற் கல்வெட்டுகளோடும் ஊர்ப்பெயர் வழக்குகளோடும் ஒப்புநோக்கி மீட்பதற்குத் தமிழும் தெலுங்கும் டச்சும் ஒருங்கே பயின்ற ஆய்வாளர் தேவை.