தொலைந்தது யாருக்கு?
கலஹாரி மக்களைப் பற்றிய இரு நூல்களும் ஒரு தீர்ப்பும்

ஒரு நூலின் தலைப்பே சில வேளைகளில் ஆசிரியரின் நோக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். லாரன்ஸ் வான் டெர் போஸ்ட் 1958இல் வெளியிட்ட ஆங்கில நூலின் பெயர் ‘கலஹாரியின் தொலைந்த உலகம்’ என்று பொருள்படுவது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவ்வெழுத்தாளர், கலஹாரிப் பாலையில் வாழும் ஸான் மக்களைத் தேடிச் சென்ற பயணத்தை அதில் விவரிக்கின்றார். நடை அழகியது. அம்மக்கள்பால் அவர் கொண்ட பரிவும் வெளிப்படையானது. எனினும், ‘தொலைந்த’ என்னும் அச்சொல்லை நாம் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை. தொலைந்தது யாருக்கு?

பண்டைய அரபுக் கவிஞனும் கூட்டத்தார் விட்டுச்சென்ற கூடாரத் தடங்களின் முன் நின்று கண்ணீர் வடித்தவனே. கஸீதாக்களின் தொடக்கம் பலவும் அத்தகையவை. ஆயின், அவன் அழுதது தன் பிரிவை எண்ணி. சென்றவர்கள் நீரையும் மேய்ச்சலையும் நாடித் தாமாகவே பெயர்ந்தவர்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவர்களை அவன் ‘தொலைந்த மக்கள்’ என்று எழுதவில்லை. வான் டெர் போஸ்ட்டின் ஏக்கமோ வேறு வகையினது. உளவியலறிஞர் யூங்கின் நண்பரான அவர், ஸான் மக்களிடம் மனித குலத்தின் குழந்தைப் பருவத்தைக் காண விரும்பினார். நவீன மனிதன் தன் உள்ளத்தில் எதை இழந்தானோ, அதன் உருவமாகவே அவர்கள் அவருக்குத் தோன்றினர். அவர் மறைந்தபின் 2001இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு, அவருடைய கூற்றுகள் பலவற்றில் கற்பனை கலந்திருந்ததை எடுத்துக்காட்டியது. ஆயினும் நம் குறை அதுவன்று. உண்மையாகவே கூறியிருந்தாலும், உயிரோடிருக்கும் ஒரு சமுதாயத்தைப் பிறருடைய இழப்பின் சின்னமாக்கியதே நாம் காணும் குறை.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. இன்றைய போட்ஸ்வானாவில் ஏறத்தாழ 52,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம், ஆங்கிலேயர் காலத்தில் 1961இல் அமைக்கப்பட்டது. விலங்குகளோடு அங்கு வாழ்ந்த மக்களின் வாழ்வும் காக்கப்படவேண்டும் என்பது அப்போதைய எண்ணம். ஆயினும் 1997இலும் 2002இலும் அம்மக்கள் காப்பகத்துக்கு வெளியே நியூ காடே முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். பள்ளியும் மருத்துவ நிலையமும் அங்கு இருந்தன. ரொக்கமும் கால்நடைகளும் இழப்பீடாக வழங்கப்பட்டன. காப்பகத்துக்குள் குடிநீர் வழங்கல் நிறுத்தப்பட்டது. மொத்தொமெலோ என்னும் ஊரின் ஆழ்துளைக் கிணறும் பயன்படாமல் அடைக்கப்பட்டது.

அரசு கூறிய காரணங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. இம்மக்கள் இப்போது குதிரை ஏறி வேட்டையாடுகின்றனர், ஆடு வளர்க்கின்றனர், பயிரிடுகின்றனர். ஆதலின் வனவிலங்குக் காப்புக்கும் இவர்கள் வாழ்வுக்கும் பொருந்தாது என்பதே அது. வான் டெர் போஸ்ட்டின் புகழுரையையும் இவ்வாதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னவர் நேசித்தவர், பின்னவர் அகற்றியவர். ஆயின் இருவர் நினைவிலும் உண்மையான ஸான் மனிதன் மாறாதவன். மாறிவிட்டால், ஒருவருக்கு அவன் தொலைந்தவன். மற்றவருக்கு உரிமை இழந்தவன். உழவன் மகன் டிராக்டர் ஓட்டினால் தந்தையின் வயல் அவனுக்கு இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. ஸான் மக்களிடம் மட்டும் அவ்வாறு சொல்ல முடிந்தது எவ்வாறு? அழகிய எழுத்துக்கும் அதில் பங்குண்டு என்பது நம் துணிபு.

இனி மற்றொரு நூலை நோக்குவோம். 1911இல் வெளிவந்த ‘புஷ்மன் நாட்டார் கதை மாதிரிகள்’ என்னும் அத்தொகுப்பு, ஜெர்மானிய மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக்கும் அவர் மனைவியின் சகோதரி லூசி லாயிடும் 1870 முதல் கேப்டவுனில் எழுதியெடுத்த ஏடுகளிலிருந்து பிறந்தது. கதை சொன்னோருட் பலர் சிறைக்கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுள் கப்போ என்னும் முதியவரின் கூற்றே நூலின் உயிர்நாடி. தம் ஊருக்குத் திரும்பும் நாளை அவர் நிலவைக் கொண்டு கணக்கிடுகின்றார். தம் மக்கள் வாயால் கதை கேட்கும் நாளுக்காக ஏங்குகின்றார். அதனினும் முக்கியமானது மற்றொன்று. அவர் குறிப்பிடும் நீர்நிலை பாட்டனாரிடமிருந்து தந்தைக்கும், பின் தமையனுக்கும், அதன்பின் தமக்கும் வந்த உடைமை என்று வரிசைப்படுத்திச் சொல்கின்றார். வாரிசுரிமைக் கல்வியை இல்மின் பெரும்பகுதியாக மதித்துவந்த நம்மவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நிலமற்ற நாடோடிகள் என்று உலகம் எழுதியவர்கள், தம் வாயால் பேசியபோது உரிமைப் பத்திரமே வாசித்தனர்!

இந்நூலிலும் குறையுண்டு. ஆங்கிலப் பெயர்ப்பு கடினமானது; பழைய வேதநூல் நடையைப் போர்த்திக்கொண்டது. எனினும் மூலமொழியை எதிரெதிரே அச்சிட்ட நேர்மைக்கு நாம் தலைவணங்குகின்றோம். நாவைச் சொடுக்கி எழுப்பும் அவ்வொலிகளுக்கு ரோமன் எழுத்தில் இடமில்லை; கோடுகளும் குறிகளும் இட்டு அவற்றைப் பதிவுசெய்தனர். தமிழின் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டி அரபுத்தமிழ் கண்ட நம் முன்னோரின் வாரிசுகளாகிய நமக்கு, ஓர் ஒலிக்காக எழுத்தை வளைப்பது அம்மொழிக்குச் செய்யும் மரியாதை என்பது புரியும். கப்போ பேசிய மொழி இன்று வழக்கிழந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு முதல் தென்னாப்பிரிக்காவின் அரசுச் சின்னத்தில் உள்ள வாசகம் அம்மொழியில்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பேசுவோர் மறைந்தபின் மொழிக்கு அரியணை!

மூன்றாவதாக நாம் எடுத்துக்கொள்வது ஒரு தீர்ப்பு. காப்பகத்திலிருந்து அகற்றப்பட்டோர் தொடுத்த வழக்கில் மூன்று நீதிபதிகள் 2006 டிசம்பர் 13இல் தனித்தனியே தீர்ப்புரைத்தனர். அவர்களுள் யூனிட்டி டவ் நாவலாசிரியரும் ஆவார். இம்மக்கள் கேட்பது கண்ணியமும் மதிப்புமே என்று அவர் உணர்ந்து எழுதிய பகுதி இலக்கியமாகவே நிற்கின்றது. மக்கள் அந்நிலத்தைச் சட்டப்படியே அனுபவித்துவந்தனர் என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர். அவர்களின் இசைவின்றி அது பறிக்கப்பட்டது என இருவர் கூறினர். ஆயின் நீர் முதலியவற்றை நிறுத்தியது சட்டவிரோதமன்று என்பதும் பெரும்பான்மைத் தீர்ப்பே. யூனிட்டி டவ் அதில் மாறுபட்டார். திரும்பிப் போகலாம், தண்ணீர் தரமாட்டோம் என்றால் அது எவ்வகைத் திரும்புதல்? கிணற்றைப் பயன்படுத்தும் உரிமை 2011இல்தான் மேல்முறையீட்டில் கிடைத்தது. வழக்குத் தொடுத்தோருள் எஞ்சிய 189 பேருக்கே அனுமதிச்சீட்டின்றி நுழைய இடமுண்டு என்று அரசு பொருள்கொண்டது. 2021 டிசம்பரில் இறந்த ஒரு முதியவரைக் காப்பகத்துக்குள் முன்னோர் மண்ணில் அடக்க நீதிமன்றங்கள் இசையவில்லை. ஆட்சி மாறியபின் 2024 டிசம்பரிலேயே அவ்வுடல் அங்கு மண்ணைச் சேர்ந்தது. மையித்தை விரைந்து அடக்குவதைக் கடமையாகக் கொண்ட சமுதாயம், அம்மூன்றாண்டுகளின் சுமையை உணரும்.

வீடுகளிலிருந்து நியாயமின்றி வெளியேற்றப்படுவதைத் திருமறை, ஹஜ் அத்தியாயத்தில், அநீதியென்றே குறிக்கின்றது. நபிபெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவைப் பிரிகையில் அந்நகரை நோக்கி மொழிந்த அன்பு மொழியை நம் குழந்தைகளும் அறிவர். ஊர்வேட்கையைப் பற்றித் தனி நூலே ஜாஹிழ் பெயரால் அரபியில் வழங்குகின்றது. இம்மரபில் வந்த வாசகர்க்கு ஓர் அளவுகோல் போதும். பிற மக்களைப் பற்றிய நூல் எதுவாயினும், அது அவர்களைப் போற்றுகின்றதா என்று முதலில் பார்க்க வேண்டாம். அவர்கள் பேசுவதற்கு அது இடம் விடுகின்றதா என்று பாருங்கள். அவ்வளவுகோலால் வான் டெர் போஸ்ட்டின் அழகிய நூல் தாழ்ந்தும், கைதியொருவர் சொல்ல எழுதிய கடினமான நூல் உயர்ந்தும் நிற்கின்றன.