முழங்காலை வளை!

உங்களுக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யாருக்காவது, மனைவிக்கோ மகனுக்கோ, ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? முதல் நாள் சிரிப்பு. இரண்டாம் நாள் முறைப்பு. மூன்றாம் நாள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்தே வீடு வந்து சேர்வீர்கள். நாலாம் நாள் டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிடுவீர்கள். அந்த ஸ்கூல் மாஸ்டர் உங்களைவிடக் கில்லாடி டிரைவரா என்றால், அநேகமாக இல்லை. ஆனால், கிளட்ச் மேல் முதன்முதலாகக் கால் வைக்கிற ஆள் எந்த இடத்தில் பயப்படுவார் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு அது எப்போதோ மறந்துவிட்டது.

பனிச்சறுக்கு வாத்தியார் ஆவதற்கான பயிற்சியும் இந்த மறதியை ஒழிப்பதில்தான் ஆரம்பிக்கிறது. ஆஸ்திரியா மாதிரியான நாடுகளில் இது கௌரவமான தொழில். படிப்படியாகப் பரீட்சை உண்டு. முதலில் பயிற்சி வாத்தியார், பிறகு மாநில அளவிலான தகுதி, அதற்கும் மேலே அரசாங்க முத்திரையோடு டிப்ளமா. அமெரிக்காவில் 1961ல் தொடங்கிய வாத்தியார்கள் சங்கம் மூன்று படிநிலைகளில் சர்டிஃபிகேட் தருகிறது. சின்ன வயதிலிருந்தே மலையில் பறந்து பழகிய இளைஞர்கள், ‘நமக்குத் தெரியாததா?’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருவார்கள். அங்கே அவர்களிடம் கேட்கப்படுவது என்ன தெரியுமா? ‘கொஞ்சம் மெதுவாகப் போய்க் காட்டு!’

அங்கேதான் பலருக்கு நாக்குத் தள்ளும். இரண்டு பலகைகளின் முன்நுனிகளையும் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, கலப்பை மாதிரி வைத்துக்கொண்டு ஊர்ந்து இறங்க வேண்டும். குழந்தைகள் வகுப்பில் இதற்குப் பெயர் ‘பீட்ஸா’. ஒரு துண்டு பீட்ஸாவின் வடிவம் அல்லவா? பலகைகளை இணையாக வைத்தால் ‘ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்’. வேகமாக இறங்கும்போது வேகமே பாதித் தப்புகளை மூடி மறைத்துவிடும். ஊர்ந்து போகும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை. அப்புறம், மாணவன் செய்கிற தப்பை அப்படியே செய்து காட்டவும் தெரிய வேண்டும். அவன் ஏன் விழுந்தான் என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த ஐந்து தப்புகளில் நாலை மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி அயிட்டம்தான் ரொம்பக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாத்தியார் சமாசாரத்தை மையமாக வைத்து, 1931லேயே ஒரு சினிமா வந்துவிட்டது. ஜெர்மன் மொழிப் படம். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘வெள்ளை போதை’. டைரக்டர் ஆர்னால்ட் ஃபாங்க். நிலவியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு மலை மலையாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏறிய ஆசாமி. இடம், ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதி, செயின்ட் ஆன்டன் கிராமம். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பெண் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்கிறாள். ஊரின் பனிச்சறுக்கு நிபுணர் சொல்லித்தருகிறார். கடைசியில் ‘நரி வேட்டை’ என்று ஒரு விளையாட்டு. வாத்தியாரும் அந்தப் பெண்ணும் நரிகள். ஒரு பெரிய கூட்டமே பலகை கட்டிக்கொண்டு பின்னால் துரத்துகிறது. அவ்வளவுதான் படம்.

வாத்தியாராக நடித்தவர் நிஜ வாத்தியார். பெயர் ஹான்னஸ் ஷ்னைடர். 1890ல் பக்கத்திலிருக்கும் ஸ்டூபன் கிராமத்தில் பிறந்தவர். 1907ல், பதினேழு வயதில், செயின்ட் ஆன்டனின் ஹோட்டல் போஸ்டில் விருந்தாளிகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லித்தர வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் மலைப்படைச் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருவருக்குச் சொல்லித்தருவது ஒரு வித்தை, கும்பலுக்குச் சொல்லித்தருவது முற்றிலும் வேறு வித்தை. அந்த இரண்டாவது வித்தையைப் போர் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர், 1920களில் தன் பள்ளியை உருவாக்கினார்.

ஷ்னைடரைப் பற்றி எழுதுகிறவர்கள், குனிந்து உட்கார்ந்த மாதிரி உடம்பைத் தாழ்த்தித் திரும்பும் அவருடைய பாணியைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அவருடைய அசல் கண்டுபிடிப்பு வரிசை. முதலில் கலப்பை. அது வந்தால் கலப்பையோடு திருப்பம். அதுவும் வந்தால்தான் வேகத் திருப்பம். திறமைப்படி வகுப்பு. இந்த வகுப்பில் தேறாமல் அடுத்ததுக்குப் போக முடியாது, நீங்கள் பிரபுவானாலும் சரி, பாங்க் அதிபரானாலும் சரி. முக்கியமாக, எல்லா வாத்தியாரும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்த வேண்டும். ‘எனக்கென்று ஒரு ஸ்டைல் இருக்கு சார்’ என்றெல்லாம் அங்கே பேச்சே கிடையாது. ஓர் ஊரின் விவசாயப் பையன்களை எடுத்து, வாத்தியார்களாகச் செய்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையையே அவர் நடத்தினார் என்று சொல்லலாம்.

என் முதல் புகார் இங்கேதான். இத்தனை பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படம் அதைக் காட்டவே இல்லை. ஷ்னைடரின் ஓட்டம் பிரமாதம். பனி புகையாகக் கிளம்புகிறது, ஸ்லோ மோஷனில் மனிதர்கள் மிதக்கிறார்கள், கேமராமேன்களும் சறுக்கிக்கொண்டே எடுத்திருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால், அவர் எப்படிக் கற்றுத்தருகிறார்? கதாநாயகி விழுகிறாள், சிரிக்கிறாள், மறுபடி விழுகிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நிபுணி! நம் ஊர்ப் படத்தில் ஒரே பாட்டுக்குள் ஹீரோ பணக்காரர் ஆகிற மாதிரிதான். நடுவிலிருந்த அலுப்பு, பயம், ஒரே தப்பை நாற்பது தடவை திருத்துகிற பொறுமை எதையும் காணோம். வாத்தியார் வேலையின் முக்கால்வாசி அந்த நாற்பது தடவைதான். சாகசக்காரரைக் காட்டிவிட்டு ‘இவர்தான் குரு’ என்றால், சச்சின் ஆடுகிற சிக்ஸரைக் காட்டிவிட்டு ‘இதுதான் கோச்சிங்’ என்கிற மாதிரி.

இரண்டாவது புகார், கதாநாயகி. தத்தக்கா பித்தக்கா என்று அவர் விழுவதை நம்ப முடியவில்லை. காரணம், நடித்த லெனி ரீஃபன்ஷ்டால் அதற்கு முன்பே ஃபாங்க்கின் மலைப் படங்களில் நடித்துப் பனியில் பழகியவர். நன்றாகத் தெரிந்தவர் தெரியாத மாதிரி நடிப்பது சுலபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? ம்ஹூம். அவர் விழுவது அழகாக இருக்கிறது. நிஜத்தில் புதுசாக விழுகிறவர் அழகாக விழ மாட்டார்.

சரி, அப்படியென்றால் படத்தில் உருப்படியாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கோமாளிகள் இருக்கிறார்கள்! ஹாம்பர்க் நகரத்திலிருந்து இரண்டு தச்சர்கள் வருகிறார்கள், பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள. ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. அகலத் தொப்பியும் தொளதொளப் பேன்ட்டுமாக, புத்தகத்தை வைத்துக்கொண்டு சறுக்கப் பார்க்கிறார்கள். பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அந்தக் காட்சிகளைச் சிரித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். திரும்பப் போட்டுப் பாருங்கள். புதுசாகக் கற்கிறவர் செய்யும் தப்பு ஒவ்வொன்றும் துல்லியமாக இருக்கிறது. பின்பக்கம் சாய்வது, பயத்தில் முழங்காலை விறைப்பது, பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது.

அந்தக் குட்டைத் தச்சர் குட்ஸி லான்ட்ஷ்னர். படம் வந்த மறு வருஷமே, 1932ல், மலையிறக்கப் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனவர். உலக சாம்பியன் ஒருவர், ஒன்றும் தெரியாதவரின் உடம்புக்குள் புகுந்துகொண்டு அவர் எப்படி விழுவாரோ அப்படி விழுந்து காட்டுகிறார். இதைத்தானே வாத்தியார் பயிற்சியில் கேட்கிறார்கள்? படம் வாத்தியாரிடம் காட்டத் தவறிய வாத்தியார்தனத்தைக் கோமாளியிடம் காட்டிவிட்டது. ஃபாங்க் தெரிந்து செய்தாரா என்பது முக்கியமில்லை. படத்தில் இருக்கிறது.

இனி, படத்தில் இல்லாதது. அதையும் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்த ‘நரி வேட்டை’ உங்களைத் தூங்கவிடாது.

படத்துக்கு இசையமைத்த பால் டெஸ்ஸாவ் யூதர். 1933ல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார். கதாநாயகி ரீஃபன்ஷ்டால் ஹிட்லரின் கட்சி மாநாட்டை 1935ல் ‘மன உறுதியின் வெற்றி’ என்ற படமாக்கினார். குட்டைத் தச்சர் லான்ட்ஷ்னர், 1936 ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்காக வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டு, ரீஃபன்ஷ்டாலின் ஒலிம்பிக் படத்துக்குக் கேமரா பிடித்தார். வாத்தியார்? நாஜிகளோடு ஒத்துப்போகாதவர். மார்ச் 1938ல் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியவுடன் ஷ்னைடரைக் கைது செய்தார்கள். சில வாரம் சிறை, பிறகு ஜெர்மனியின் கார்மிஷில் கண்காணிப்பு. பள்ளி கைமாறிப்போனது. செயின்ட் ஆன்டனைப் பனிச்சறுக்கு ஊராக வளர்த்ததில் அவருக்குத் தோள்கொடுத்த ருடால்ஃப் கோம்பர்ஸ், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவரை 1942ல் மின்ஸ்க் பக்கத்திலிருந்த மாலி ட்ரோஸ்டினெட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள்.

படத்தில் வாத்தியாரும் மாணவியும் சேர்ந்து ஓடிய நரிகள். ஏழே வருஷத்தில் ஒருவர் மட்டும் நிஜமாக வேட்டையாடப்பட்டார். மற்றவர் வேட்டைக்காரரின் அவையில் இருந்தார். நல்ல வாத்தியாரிடம் படித்தால் நல்ல மனிதராகிவிடலாம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வித்தை வேறு, மனசாட்சி வேறு என்பதுதான் இந்தப் படத்தின் பிற்காலம் சொல்கிற கசப்பு. ஆர்ல்பெர்க் வாத்தியார்களின் தாரக மந்திரமே ‘முழங்காலை வளை!’தான். சொல்லிக் கொடுத்தவர் பனியில் மட்டும் வளைந்தார்.

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் பி.காம். எட்டிப் பார்க்கிறது. கட்டடம், பலகை, ஊர் எல்லாம் தொட்டுப் பார்க்கக்கூடிய சொத்து. பிடுங்கிக்கொள்ளலாம். கணக்குப் புத்தகத்தில் இன்னொரு வகையும் உண்டு. ‘குட்வில்’ என்போம். தொட முடியாது, பூட்ட முடியாது. ஷ்னைடரின் குட்வில், அவர் பயிற்சி கொடுத்த வாத்தியார்கள். கைதுக்கு முன்பே அவர்கள் உலகமெல்லாம் போயிருந்தார்கள். ஓட்டோ லாங் 1930களின் நடுவிலேயே அமெரிக்காவின் மேற்குக் கரையில் பள்ளிகள் நடத்தினார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நார்த் கான்வேயில் பென்னோ ரிபிட்ஸ்கா அதே பாடத்தை அதே வரிசையில் நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர்தான் நியூயார்க் பாங்க் தலைவர் ஹார்வி கிப்ஸன். ஜெர்மானியர்களோடு தனக்கிருந்த பண விவகாரச் செல்வாக்கைப் பயன்படுத்தி ஷ்னைடரை வெளியே கொண்டுவந்தார். 1939 பிப்ரவரியில் ஷ்னைடர் குடும்பத்தோடு நார்த் கான்வே ரயில் நிலையத்தில் இறங்கியபோது, ஊர்ப் பிள்ளைகள் சறுக்குக் கோல்களைத் தூக்கிப் பிடித்துத் தோரணவாயில் அமைத்து வரவேற்றார்கள். 1955ல் அந்த ஊரிலேயே காலமானார்.

யோசித்துப் பாருங்கள். அவர் வெறும் சூப்பர் ஸ்டார் சறுக்குக்காரராக மட்டும் இருந்திருந்தால், நாற்பத்தெட்டு வயதில் முழங்கால் தேய்ந்த ஓர் அகதி. அவ்வளவுதான். தன் வித்தையைப் பிரித்து, வரிசைப்படுத்தி, அடுத்தவர் கையில் கொடுத்திருந்ததால், அவர் போய்ச் சேருமுன் அவருடைய பள்ளி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ‘தொழில் ரகசியத்தை வெளியே சொல்லாதே’ என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

‘வெள்ளை போதை’ எங்கேயாவது கிடைத்தால் அவசியம் பாருங்கள். அழகான படம். அதில் சந்தேகமே இல்லை. பறக்கிற காட்சிகளை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் விழுகிற காட்சிகளைக் கவனமாகப் பாருங்கள். யார் எப்படி விழுகிறார், பக்கத்தில் நிற்கிறவர் அப்போது என்ன செய்கிறார் என்று.

அப்புறம், வீட்டில் அந்தக் கார் பாடத்தை மறுபடி ஆரம்பிக்கிற உத்தேசம் இருந்தால், ஐந்து தப்பில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். மற்ற நாலும் எங்கேயும் ஓடிப்போகாது.